இரு கையால் வாங்கிய வெற்றிலை

என் மீசை மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் இங்கேயே அதை மழித்துப் போடுகிறேன்.

மேலக்கோம்பைப் பாளையத்துக்கு ராஜா பெத்தண நாயக்கர். அவர் மைத்துனர் கெச்சிலப்பர் கையில்தான் ஆயுதக் கொட்டடியின் சாவி. கேட்டவனுக்கெல்லாம் துப்பாக்கி கொடுத்தார். அந்த வாரம் ஒரு கல்யாணத்தில் குஷியாக வேட்டுப் போட்டார்கள்; மாப்பிள்ளையின் தலைப்பாகை பறந்தது. தலை தங்கியது பெண்ணின் அதிர்ஷ்டம்.

பிரதானி, அதாவது மந்திரி, மயிலேறும் பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. சபையில் எழுந்தார்.

“மகாராஜா, வாங்குகிறவன் யார், அவனுக்குச் சுடத் தெரியுமா என்றாவது விசாரித்து…”

“விசாரிப்பதா?” கெச்சிலப்பர் குதித்தார். “துப்பாக்கியா சுடுகிறது? மனுஷன்தானே சுடுகிறான்! நல்லவன் கையில் ஒன்று இருந்தால் கெட்டவன் வாலைச் சுருட்டிக்கொள்வான். கேள்வி கேட்பது வீரனுக்கு அவமானம், அத்தான்!”

வீரன் என்றதும் ராஜாவுக்கு மீசை துடித்தது. “இனி எவனும் எங்கும் துப்பாக்கியோடு போகலாம். கட்டுப்பாடு வேண்டுமென்று வாய் திறப்பவன், எவனானாலும் சரி, அன்றே பாளையத்தை விட்டு வெளியேற வேண்டும். பிள்ளை, உமக்கும் சேர்த்துத்தான்!”

பாட்டன் பூட்டன் வாழ்ந்த வீட்டை விட்டு எங்கே போவது? பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். நேரே கொம்பையாவிடம் போனார். அவன் வரப்பு வழக்கில் மறுநாள் ராஜா சபையில் தோற்கப்போகிற ஆள் என்று ஊருக்கே தெரியும்.

“துப்பாக்கி வாங்கியாச்சா, வே?”

“நேத்துத்தான் சாமி. எந்தப் பக்கம் பிடிக்கன்னுதான் தெரியல.”

“அது போதும். நாளைக்குச் சபைக்குக் கொண்டு வாரும். சுடுகிற திரியைக் கொளுத்தியே வையும்.” காதோரம் இன்னும் ஏதோ சொன்னார்.

அந்தப் பாளையத்தில் ஒரு வழக்கம். வழக்கில் தோற்றவன் ராஜா கையால் வெற்றிலை வாங்க வேண்டும். மனத்தாங்கல் இல்லை என்று அதற்கு அர்த்தம். ஒரு கையால் வாங்கினால் மரியாதைக் குறைவு.

மறுநாள் கொம்பையா தோற்றான். வந்தான். இரு கையும் ஏந்த வேண்டுமே! துப்பாக்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பணிவாகக் குனிந்தான். திரி புகைந்தது. குனியக் குனியக் குழல் ராஜாவின் நெற்றி, மூக்கு, தொப்பை என்று இறங்கியது.

“ஏய், ஏய்! திருப்புடா அதை! யார் இவனை உள்ளே விட்டது?”

“சட்டம்தான், மகாராஜா,” என்றார் பிள்ளை.

“இவன் நல்லவனா?”

“கேட்பது வீரனுக்கு அவமானமாயிற்றே.”

“மைத்துனா! உன் துப்பாக்கி எங்கே?”

“ஓரமாக இருக்கு, அத்தான்.” சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

ராஜா அலறினார். “இனி விசாரிக்காமல் ஒருவனுக்கும் கொடுக்கக் கூடாது! பிடிக்கக் கற்றுக்கொள்ளாதவன் தொடக் கூடாது! சபைக்குள் கொளுத்திய திரியே கூடாது!”

பிள்ளை கைகட்டி நின்றார். “வாசலில் பல்லக்கு தயார், மகாராஜா.”

“எதற்கு?”

“கட்டுப்பாடு வேண்டுமென்று வாய் திறப்பவன் அன்றே வெளியேற வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. எவனானாலும்.”

ராஜா விழித்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். “அந்தச் சட்டம் செத்தது, போம்! அது சரி, இது வெடித்திருந்தால்?”

“வெடிக்காது. வெடிமருந்து போடாமல்தான் கொண்டுவரச் சொன்னேன். வாசலில் நானே குழலை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.”

கொட்டடிச் சாவி அன்றே பிள்ளை மடிக்கு வந்தது. கெச்சிலப்பர் வெளியே வரத்தான் சாயங்காலமாயிற்று.

கெச்சிலப்பர் வம்சத்தார் இன்னும் இருக்கிறார்கள், துப்பாக்கியோடு. சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.