கீழே வைத்த ஊசி

அந்தக் காலத்தில் பறவைக்கும் மிருகத்துக்கும் ஒரே பேச்சு. மரங்கொத்தியின் உளி அணில் வீட்டில் வேலை செய்யும். நண்டின் கத்திரி நாரை வீட்டில் கிடக்கும். "கொஞ்சம் கொடேன், வேலை முடிஞ்சதும் தந்துடறேன்" என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் வீடு அந்தக் காட்டில் கிடையாது.

ஊசி மட்டும் முள்ளம்பன்றி வைரக்காவிடம்தான். அவள் உடம்பெல்லாம் ஊசி. ஆனால் ஒன்றுகூடத் தானாக உதிராது. இரை தேடிவிட்டு விடியற்காலையில் வளைக்குத் திரும்பும்போது யாராவது கேட்டால், பல்லால் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுப்பாள். திரும்பி வந்ததும் பழைய இடத்திலேயே செருகிக்கொள்வாள். அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம்.

காட்டில் ஒரே ஒரு கட்டு இருந்தது. பொழுது சாய்ந்தபின் ஊசி கைமாறக் கூடாது. முன்பு ஒருநாள் முயல் இருட்டில் கீரியிடம் ஊசியை நீட்டப்போய், அது நழுவி ஒரு முயல்குட்டியின் பிஞ்சுப் பாதத்தில் ஏறிவிட்டது. நீதான் விட்டாய், நீதான் பிடிக்கவில்லை என்று தொடங்கிய சண்டையில் இரண்டு வீடும் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டன.

அத்தி மரத்தில் சின்னமணி என்றொரு சிட்டு இருந்தாள். போன முறை அவள் மரக்கவட்டில் திறந்தவாக்கில் முட்டையிட்டாள். செம்போத்து வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது. இந்த முறை இரண்டு அத்தி இலையைச் சேர்த்து, சிலந்தி கொடுத்த நூலால் சுற்றிக் கட்டி, உள்ளே பஞ்சு வைத்து மறைவாகக் கூடு செய்திருந்தாள். முட்டை வரும் நாளுக்கு முந்தின மதியம் அடித்த காற்றில் கட்டு அவிழ்ந்து, இலை இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

கட்டினால் நிற்காது, தைத்தால்தான் நிற்கும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வளை வாசலுக்குப் பறந்தாள். கூப்பிட்டாள். உள்ளே குறட்டை. அவ்வளவு சின்னத் தொண்டையில் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவையும் கூட்டிக் கூப்பிட்டாள். வெயில் இறங்கியது, சூரியன் மறைந்தது. அப்புறம்தான் வளைக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"யாருடி அது? கட்டெறும்பு மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே கூட்டுற?"

"நான்தான் அக்கா, சின்னமணி. ஒரு ஊசி வேணும்."

"விடியட்டும், தர்றேன்."

"விடியறதுக்குள்ள முட்டை வந்துடும் அக்கா. செம்போத்து இன்னிக்கே ரெண்டு தரம் மரத்தடியில நடந்துட்டுப் போச்சு."

வைரக்கா அவள் வயிற்றைப் பார்த்தாள். மேற்கே பார்த்தாள். "நேரத்தோட வரக் கூடாதாடி?"

"மத்தியானத்துலேர்ந்து கூப்பிடறேன். நீங்கதான் எழுந்திருக்கல."

வளைக்கு மேலே கிளையில் அடைந்திருந்த தவிட்டுக்குருவிகளுக்கு வாய் சும்மா இருக்குமா? "வைரக்கா, கையை நீட்டிடாதே. முயல் வீடு என்னாச்சுன்னு தெரியும்ல? உன் வளையிலயும் ஒரு குட்டி தூங்குது."

அதைக் கேட்டதும் சின்னமணி வளைப் பக்கம் பார்த்தாள். தன் பிள்ளைக்காக இன்னொருத்தி பிள்ளைக்கு ஆகாததை எப்படிக் கேட்பது? "சரிக்கா, நான் வர்றேன்" என்று திரும்பினாள்.

"எங்கடி போற?"

"தெரியலக்கா."

"நில்லு அங்கேயே."

வைரக்கா நடுப்பாதைக்கு வந்தாள். உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தாள். சலசலவென்று சத்தம் மட்டும் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி சிலிர்த்தாள். வலித்திருக்க வேண்டும், முனகினாள். மூன்றாம் முறை, வாலோரத்திலிருந்து மெல்லிய ஊசி ஒன்று கழன்று புழுதியில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

"அக்கா, ஊசி விழுந்துடுச்சு."

"எந்த ஊசி? நான் யாருக்கும் எதையும் கொடுக்கல. வழியில கிடக்கறதை எடுக்க என்னை ஏன் கேக்கற?"

தவிட்டுக்குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒவ்வொன்றாக இறக்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டன.

நிலா வந்தது. சிலந்தி மறுபடியும் நூல் கொடுத்தாள். சின்னமணி அந்த ஊசியால் இலையோரத்தில் துளை போட்டு, நூலை இழுத்து, அது நழுவாமலிருக்க நுனியைப் பஞ்சாகப் பிரித்துவிட்டாள். விடியும்போது முட்டைகள் உள்ளே இருந்தன.

காலையில் செம்போத்து வந்தது. சிவப்புக் கண்ணால் கிளை கிளையாகப் பார்த்தது. "நேத்து இங்க என்னமோ இருந்துச்சே" என்று முணுமுணுத்தது. எதிரே ஒரு பச்சை இலை ஆடியது, அவ்வளவுதான். உள்ளே சின்னமணி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செம்போத்து போய்விட்டது.

அன்று சாயங்காலம் சின்னமணி ஊசியையும் ஒரு அத்திப்பழத்தையும் பாதையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வைரக்கா வந்து பழத்தைத் தின்றாள். ஊசியை எடுத்துப் பழைய இடத்தில் செருகினாள். விழுந்தது. மறுபடி செருகினாள். அது விழுந்ததோடு பக்கத்து ஊசி இரண்டையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. முந்தின நாள் சிலிர்த்த சிலிர்ப்பில் அடி எல்லாம் தளர்ந்துவிட்டிருந்தது.

சின்னமணிக்குக் கண் கலங்கியது. "உங்க உடம்பையே கெடுத்துட்டேனே அக்கா."

"கெட்டா போச்சு? இனிமே ஊசி வேணும்னு எவளும் என்னைத் தூக்கத்துல எழுப்ப மாட்டா. அது அங்கேயே கிடக்கட்டும். எவளுக்கு வேணுமோ எடுத்துக்கட்டும். நீ போய் அடைகாத்துக்கிட்டு இருடி."

விடிந்ததும் விடியாததுமாக, கைக்குள் அடங்கிவிடும் தையல்சிட்டு அவ்வளவு பெரிய குரலில் கூப்பிடுகிறதே, அது தூங்கப் போகும் வைரக்காவுக்கு நன்றி சொல்லத்தான்.

அன்று முதல்தான் முள்ளம்பன்றி போகிற வழியெல்லாம் முள் உதிர்ந்து கிடக்கிறது. அன்று முதல்தான் நம் வீடுகளிலும், பக்கத்து வீட்டுக்காரி ஊசி கேட்டு வந்தால் கையில் கொடுக்காமல் கீழே வைக்கிறோம், அவள் எடுத்துக்கொள்கிறாள்.