ஏழு அப்பளம்

“இந்த மவுசு சரியில்ல. வலது பக்கம் தள்ளினா பின்னால இழுக்குது.”

சொல்லி முடிப்பதற்குள் திரையில் இசக்கிமுத்து சுடப்பட்டு விழுந்தான்.

டெல்பின் மவுசைத் தொடவில்லை. கீபோர்டின் ஒரு முனையைத் தூக்கினாள். அதன் காலுக்கடியில் மவுசின் வயர் சிக்கி, விறைத்துக் கிடந்தது. அதை எடுத்துத் தளர ஒரு சுற்றுச் சுற்றி, திரையைத் தாங்கும் கழுத்தில் போட்டாள்.

“இப்போ?”

“இப்போ இழுக்கல.”

“விளையாடுங்க.”

மறுபடியும் விழுந்தான்.

“வயர் மேல போட்ட கேஸ் தள்ளுபடி,” என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த ஜோவன். “அண்ணாச்சி, அடுத்து யாரைப் பிடிக்கப் போறீங்க?”

இசக்கிமுத்துவுக்கு முப்பத்து மூன்று வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டி இறக்கும் கிரேனை ஓட்டுகிறவன். டெல்பினுக்கு இருபத்து மூன்று. டயர்க் கடைக்கு மேலே, மாடியில், பத்துக் கம்ப்யூட்டர் வைத்து கேமிங் சென்டர் நடத்துகிறாள். திரையில் துப்பாக்கியோடு ஓடிச் சுடும் விளையாட்டில் அவளிடம் பழகிய நாலு பையன்கள் சென்னைப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தார்கள். அணிக்கு ஐந்து பேர் வேண்டும். ஐந்தாவது ஆளை ஆடவைத்துப் பார்த்து எடுப்பது அடுத்த வாரத்து ஞாயிறு. கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கல்லூரியில் படிக்கும் ஜோவன். இன்னொருவன் இசக்கிமுத்து.

அடுத்த வருஷத்திலிருந்து முப்பது வயது தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை என்று போட்டி நடத்துகிறவர்கள் அறிவித்துவிட்டார்கள். அவனுக்கு இதுதான் முதல் தடவை. கடைசியும் இதுதான்.

“எனக்குச் சொல்லிக்குடுங்க தங்கச்சி.”

“என்ன சொல்லணும்?”

“மவுசை எப்படிப் பிடிக்கணும்? உள்ளங்கை முழுசும் படணும்னு ஒருத்தன் சொல்லுதான். நகத்தால கவ்வணும்னு ஒருத்தன். விரல் நுனி மட்டும் போதும்னு இன்னொருத்தன். மூணு வீடியோவும் பாத்துட்டேன். எது சரி?”

“மூக்கு அரிச்சா எந்த விரலால சொறிவீங்க?”

இசக்கிமுத்து கையை மூக்கருகே கொண்டுபோனான். பாதியில் நிறுத்தினான். எந்த விரல் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“அவ்வளவு நேரம் மூக்கு தாங்குமா அண்ணாச்சி?” என்றாள் டெல்பின். “நாளைக்கு வாங்க.”

*

மறுநாள் அவன் ஒரு காலை நாற்காலிமேல் மடித்துப் போட்டுக்கொண்டு, மூக்கு திரையில் படுமளவு குனிந்து ஆடினான். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. டெல்பின் காலால் இழுத்திருந்தாள்.

“உள்ள போயிராதீங்க. அங்க சுடுவாங்க.”

அவன் காலைக் கீழே போட்டான். அவள் ஒரு ஸ்கேலால் அவன் தோளைத் தட்டினாள். தோள் இறங்கியது. முழங்கை மேசைக்குச் சமமாக வரும்வரை நாற்காலியை உயர்த்தினாள்.

“சென்சி எவ்வளவு வச்சிருக்கீங்க?”

மவுசை ஒரு விரற்கடை தள்ளினால் திரையில் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதற்கான எண் அது.

“முதல்ல நாப்பது. ரெண்டு தடவை செத்ததும் அம்பத்தஞ்சு ஆக்கினேன். பொறவு முப்பத்திரெண்டு. இப்போ நாப்பத்தேழு.”

“சாகும்போதெல்லாம் மாத்துதீங்க.”

“சரியான நம்பர் கிடைக்கணும்லா?”

“திருச்செந்தூருக்கு ஏறின பஸ்ஸை விட்டு வழியெல்லாம் இறங்கி வேற பஸ்ஸில ஏறினா, ஊரு எப்போ வரும்?”

எண்ணை நாற்பதில் வைத்தாள். அதை மாற்றும் இடத்துக்குப் போகிற பொத்தானைக் கீபோர்டிலிருந்து நகத்தால் நெம்பிப் பிடுங்கினாள். ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

“ஐயோ, என் பல்லு,” என்றான் ஜோவன், கீபோர்டின் குரலில்.

*

மூன்றாம் நாள் இசக்கிமுத்துவின் முன்னால் ஒரு தட்டு வந்தது. பொரித்த சின்ன அப்பளங்கள்.

“சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.”

“சாப்பிடுததுக்கு இல்ல.” ஓர் அப்பளத்தை எடுத்து மவுசின் முதுகில் வைத்தாள். “இதுக்கு மேல உள்ளங்கையை வைங்க. விரல் பொத்தான்ல இருக்கட்டும். ஆடுங்க.”

சுவரோரமாக நடந்தான். திரும்பினான். படியேறினான். அப்பளம் அப்படியே இருந்தது.

மேலே ஓர் எதிரி தெரிந்தான்.

நொறுங்கியது.

டெல்பின் துகளைத் தட்டிவிட்டு இன்னொன்று வைத்தாள். அதுவும். அடுத்ததும். அன்றைக்கு ஏழு அப்பளம் நொறுங்கின. ஏழும் எதிரி கண்ணில் பட்ட அந்தக் கணத்தில்.

பையன்கள் துண்டுகளைப் பொறுக்கித் தின்றார்கள்.

“அண்ணாச்சி, ரசம் எப்போ வரும்?”

“ஏல, சும்மா இரி.” அவன் கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கை எண்ணெயில் மினுங்கியது. “அவனைப் பாத்ததும் கை தானா இறுகுது, அக்கா.”

தன்னைவிடப் பத்து வயது சின்னவளை, பையன்களைப் போலவே அக்கா என்று கூப்பிட்டுவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவளும் திருத்தவில்லை.

“நீங்க அவனைப் பிடிக்கணும்னு நினைக்கீங்க,” என்றாள். “கையில இருக்கது மவுசு.”

ஆறாம் நாள் அப்பளம் உடையவில்லை.

“அப்பளம் முழுசா இருக்கு. ஆனா நான் செத்துட்டேன்.”

“ரெண்டு பேர்ல ஒருத்தர் பிழைச்சாச்சே,” என்றாள்.

*

“கை இறுகல. தோள் ஏறல. நம்பரையும் தொடல,” என்றான் ஒன்பதாம் நாள். “ஆனா எதிரி வந்தபிறகு என் புள்ளியை அவன் தலைக்குக் கொண்டு போறதுக்குள்ள அவன் சுட்டிருதான். ஜோவன் கை என்ன வேகம்! எனக்கு வயசாயிட்டு அக்கா.”

திரையின் நடுவில் ஒரு சிறிய பச்சைப் புள்ளி இருந்தது. அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் குண்டு போகும்.

டெல்பின் திரையில் தெரிந்த ஒரு கதவைக் காட்டினாள்.

“எதிரி வாரதுக்கு முன்னால எங்க இருப்பான்?”

“கதவுக்கு அந்தப் பக்கம்.”

“வந்தபிறகு?”

“இந்தப் பக்கம்.”

“உங்க புள்ளி எங்க இருக்கு?”

“கதவு மேல.”

“கதவு என்னைக்காவது உங்களைச் சுட்டிருக்கா?”

இசக்கிமுத்து அந்தக் கதவை உற்றுப் பார்த்தான்.

“இப்பவே சொல்லணும்னு இல்ல,” என்றாள். “நாளைக்கு டூட்டிதான? போயிட்டு வாங்க.”

*

நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் அறையின் கண்ணாடித் தரைக்கு மேல், இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தான். கீழே லாரி வந்து நின்றது. அதன் நீளத் தட்டின் நாலு மூலையிலும் பெட்டியைப் பூட்டும் நாலு இரும்புக் குமிழ்கள். கடல் காற்றில் லேசாக ஆடியபடி பெட்டி இறங்கியது.

பதினோரு வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்குத்தான் தன் கையைப் பார்த்தான்.

இருபது டன் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் மூன்று விரல்கள் பட்டும் படாமலும் கிடந்தன.

பிறகு தன் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பெட்டியின் மேல் இல்லை. லாரித் தட்டின் வெறும் மூலையில் இருந்தது. அங்கே இன்னும் எதுவும் வரவில்லை.

கண் இருந்த இடத்துக்குப் பெட்டி வந்தது. உட்கார்ந்தது.

அவன் அசையாமல் இருந்தான்.

கீழேயிருந்து ஒயர்லெஸ் கரகரத்தது. “அண்ணாச்சி, பெட்டி இறங்கியாச்சு. நீங்க எப்போ இறங்குவீங்க?”

இசக்கிமுத்து தனியாகச் சிரித்தான்.

அன்று மாலை சென்டரில் அவனுக்கு எதிராளியாக ஜோவன் ஆடினான். இசக்கிமுத்து கதவருகே போய் நின்றான். கதவின் விளிம்பை ஒட்டி, ஓர் ஆள் தலை உயரத்தில், வெறும் காற்றில் புள்ளியை வைத்தான். கையை எடுத்துவிட்டதுபோல் மவுசின்மேல் விட்டுவிட்டுக் காத்திருந்தான்.

“என்ன அண்ணாச்சி, நெட்டு நின்னுட்டா?” என்று கேட்டுக்கொண்டே ஜோவன் கதவுக்கு இந்தப் பக்கம் வந்தான்.

ஒரு விரல் அசைந்தது.

“ஏல!” என்றான் ஜோவன், தரையில் கிடந்த தன்னையே பார்த்து.

இசக்கிமுத்து திரும்பினான். டெல்பின் அப்பளத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

*

சனிக்கிழமை அவன் ஆடவில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“நாளைக்கு எனக்குக் கிடைச்சிருமா அக்கா?”

“எவ்வளவு வேணும் உங்களுக்கு?”

“ரொம்ப வேணும். கண்ணை மூடினா சென்னைதான் தெரியுது. ஜோவனுக்குக் காய்ச்சல் வந்தா தேவலைன்னுகூட நினைச்சுட்டேன்.”

டெல்பின் சிரிக்கவில்லை. தன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு ஓர் ஆபரேஷன் தழும்பு ஓடியது. அவள் இடது கையால் மவுசு பிடிப்பதை அவன் பல நாள் பார்த்திருக்கிறான். பிறவியிலேயே இடது கைப் பழக்கம் என்று நினைத்திருந்தான்.

“மாநில ஃபைனல்,” என்றாள். “அன்னைக்கு மூணு மணி நேரம் இறுக்கிப் பிடிச்சிருந்தேன். அதுக்கு முன்னால மூணு வருஷம்.”

“கோப்பை கிடைச்சுதா?”

“கிடைச்சுது. தூக்க முடியல.”

கீழே டயர்க் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

“இந்தக் கையில அப்பளம் உடையிறதில்ல,” என்று இடது கையைக் காட்டினாள். “போய்த் தூங்குங்க.”

*

ஞாயிறு மத்தியானம் மாடி நிறைந்திருந்தது. இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. அணியின் நாலு பேரும் மாறி மாறி எதிரே ஆடுவார்கள். இருவரும் ஆளுக்குப் பத்து ஆட்டம் ஆட வேண்டும். யார் அதிகம் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு இடம்.

சீட்டுக் குலுக்கியதில் இசக்கிமுத்து பெயர் முதலில் வந்தது.

காலைத் தரையில் வைத்தான். தோளைத் தானே ஒருமுறை தட்டிக்கொண்டான். வெறும் காற்றில் புள்ளியை வைத்துக் காத்திருந்தான். ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதல் ஆட்டம் போயிற்று. எட்டாவது போயிற்று. மற்றதெல்லாம் அவனுக்கு.

“பத்துக்கு எட்டு,” என்றான் அணியில் ஒருவன். “அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் ஒரு பெட்டி இறக்கணும், வாரீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பின் பலகையில் எழுதப் போனாள். இசக்கிமுத்து எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். எட்டு. ஜோவனுக்கு ஒன்பது வேண்டும். நல்ல நாளில் ஜோவன் ஒன்பது எடுக்கிறவன்தான்.

ஜோவன் உட்கார்ந்தான். இன்றைக்கு அவன் யாரையும் கேலி செய்யவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தான். மவுசை வலது பக்கம் ஒருமுறை தள்ளிப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்தான். விரல் முட்டிகள் வெளுத்தன.

இசக்கிமுத்து பார்த்தான். கீபோர்டின் காலுக்கடியில் வயர் விறைத்துக் கிடந்தது.

டெல்பின் பலகையின் பக்கம் திரும்பி, எட்டு என்று எழுதிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஆட்டம் தொடங்குவதற்கான எண்கள் இறங்கத் தொடங்கின. ஐந்து. நாலு.

இசக்கிமுத்து குனிந்தான். கீபோர்டின் முனையை ஒரு விரலால் தூக்கி, வயரை எடுத்து, தளர ஒரு சுற்றுச் சுற்றித் திரையின் கழுத்தில் போட்டான்.