ஆற்றங்கரைப் பனிச்சை

கிட்ட வந்து உட்காருங்க. சின்னக் கதைதான். காலை நீட்டி உட்காருறதுக்குள்ள முடிஞ்சிடும்.

மலையடிவாரத்துல, ஆத்தோரமா ஒரு மடம். மாடத்தியம்மா அங்க குரு. சீடர்கள்ல வயசுல மூத்தவர் சுடலையாண்டி. குருவைவிடவும் மூத்தவர். கெட்டிக்காரர். மடத்துத் தோணி அவர் பொறுப்பு.

ஒருநாள் அவர் குரு முன்னால வந்து நின்னார்.

"அம்மா, மூணு வருசமா நம்ம ஆத்தங்கரைப் பனிச்சை மரம் காய்க்கல. காயை இடிச்சுப் பசை எடுத்தாத்தானே தோணிக்கு அடி பூச முடியும்? பூசாம இறக்குனா நடு ஆத்துல தண்ணி ஏறுது. அக்கரைச் சனம் வைத்தியத்துக்குக்கூட வர முடியல."

"பூக்குதா?"

"பூக்குது. உதிர்ந்துடுது."

"பக்கத்துல இன்னொரு பனிச்சை நின்னுச்சே."

"அதை நான்தான் வெட்டுனேன். நீங்க யாத்திரை போயிருந்தீங்க. இருபது வருசமா பூவாக் கொட்டுச்சே தவிர ஒரு காய் இல்ல. சும்மா நிக்கிற மரம் எதுக்குன்னு..."

சுடலையாண்டி நிறுத்தினார். "வந்ததும் அடிக்கட்டையைப் பார்த்தீங்க. ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டா முளைக்குமா?"

குரு எழுந்து போய், நிக்கிற மரத்தடியில உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்தார். நகத்தால கீறினார். அடியில கடுகளவுக்கு ஒரு பிஞ்சு.

"வெட்டுன மரத்துப் பூவுல இது உண்டா?"

"இல்லம்மா. வெறும் பூந்தூளு. ஒரே வண்டா மொய்க்கும்."

"மொய்ச்ச வண்டு பிறகு எங்க போகும்?"

சுடலையாண்டி பிஞ்சைப் பார்த்தார். பக்கத்துல இருந்த அடிக்கட்டையைப் பார்த்தார். அப்படியே தரையில உட்கார்ந்துட்டார்.

"அது ஆண் மரமா?"

குரு பூவை அவர் உள்ளங்கையில வச்சார்.

"வேலியோரம் ஒன்பது பனிச்சைக் கன்னு நிக்குது. அதுல ஆண் எதுன்னு சொல்லுங்கம்மா. அதை மட்டும் வச்சுக்கிட்டு..."

"மத்ததை வெட்டப் போறீரா?"

அவர் பூவோட உள்ளங்கையை மூடிக்கிட்டார்.

"பூத்தாத்தான் தெரியும், சுடலை. பதினஞ்சு வருசம் ஆகும்."

சுடலையாண்டிக்கு வயசு அறுபத்தெட்டு.

அந்நேரம் அக்கரையில இருந்து ஒரு பொம்பளை கூப்பிட்டா. இடுப்புல பிள்ளை.

"சாமி, இந்த வருசமாச்சும் மரம் காய்ச்சிருச்சா? தோணி வருமா?"

சுடலையாண்டி குருவைப் பார்த்தார். குரு ஆத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

சுடலையாண்டி எழுந்து தண்ணியில இறங்கினார்.

"வராது தாயி. ஆண் மரத்தை நான் வெட்டிட்டேன்."

"என்ன சாமி? காதுல விழல."

சுடலையாண்டி நெஞ்சளவு தண்ணி வரைக்கும் நடந்து போய், மறுபடியும் சொன்னார்.