கோமதிநாயகத்துக்குப் போட்ட இலை

வெள்ளந்திப்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்து முடித்துவிடுவார்கள். அதனாலேயே அவர்களிடம் யாரும் வேலை சொல்வதில்லை.

அந்த ஊர்க் கோமதிநாயகத்துக்கு ஒருநாள் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, விவரம் சொன்னால் அனுப்புகிறோம் என்றான் ஒருவன். கோமதிநாயகம் ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நம்பர், பிறந்த தேதி, அப்பா பேர் எல்லாவற்றையும் படித்துக் காட்டினான். கேட்காமலே முதுகில் இருக்கும் மச்சத்தையும் சொல்லி, போட்டோவும் அனுப்பினான். "வேற ஏதும் வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்டபோது மறுமுனையில் கொட்டாவிச் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் அவன் பேரிலும் படத்திலும் ஊர் பூராவும் மெசேஜ் போனது. அவசரமாம், பணம் வேண்டுமாம். நல்லவேளை, போனில் பணம் அனுப்பத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இல்லை.

டவுன் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மா பொறுமையாகச் சொன்னார்: "முதல்ல பேங்க்ல சொல்லி வைங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. என் பேரைச் சொல்லிட்டு யார் வந்தாலும் நம்பாதீங்கன்னு தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. சந்தேகம் வந்தா, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

கோமதிநாயகம் ஒன்றையும் விடவில்லை. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகப் போனான். "என் பேரைச் சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் நம்பாதீங்க! கோமதிநாயகம் சொல்லுதேன், நம்பாதீங்க!" தொண்டை கட்டிப்போய், ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்று தங்கை உலகம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தாம்மா, கோமதிநாயகம்."

"எங்க அண்ணன் இப்பதான் மைக்குல சொல்லிட்டுப் போறான். போயிரும், இல்லன்னா ஊரைக் கூட்டுவேன்!"

கதவு திறக்கவே இல்லை. கோமதிநாயகத்துக்குக் காப்பி போனதுகூடப் பெரிதில்லை. வெள்ளிக்கிழமை உலகம்மாள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவனுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. அந்தக் குழந்தைதான் உலகம். கம்மல்கூடச் செய்து சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

ஊர்ப் பெரியமனுஷன் பூதத்தானும் அவருக்கு எப்போதும் எடுத்துக்கொடுக்கிற மூக்காண்டியும் விசாரணைக்கு உட்கார்ந்தார்கள்.

"ஏல, உனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணைச் சொல்லு" என்றார் பூதத்தான்.

கோமதிநாயகம் கூச்சத்தோடு சொன்னான்: "இருட்டுன்னா எனக்குப் பயம். லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன்."

பூதத்தான் மூக்காண்டியைப் பார்த்தார். "இது உனக்குத் தெரியுமாடே?"

"தெரியாதே."

"எனக்கும் தெரியாது. பொறவு எப்படி இது சரின்னு சொல்ல?"

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதைக் கேளுங்க!"

"நமக்குத் தெரிஞ்சா அது அவனுக்கு மட்டும் தெரிஞ்சதா ஆகாதுல்லா" என்றான் மூக்காண்டி. பூதத்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசியில் பிறந்த தேதியைக் கேட்டார்கள். கோமதிநாயகம் கார்டை எடுத்தான். பார்த்துச் சொல்வது காப்பி அடிப்பது மாதிரி என்று பிடுங்கி வைத்துவிட்டார்கள். மெசேஜ் வந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டால், அந்த ஆள் தேதி, அப்பா பேர், மச்சம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னான். கோமதிநாயகத்தின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். மச்சம் அதே இடத்தில் இருந்தது.

"பாத்தியா, சரியாச் சொல்லுதான்! போன்ல பேசுதவன்தாம்ல அசல்" என்றார் பூதத்தான்.

அன்றிலிருந்து அசலுக்கு ஓய்வில்லை. உலகம்மாள் போன் போட்டு, பட்டுப்பாவாடை என்ன நிறம், சீர்த்தட்டு யார் தூக்குவார்கள், கிடா வாங்கியாச்சா என்று கேட்டாள். வைத்தால் திரும்பப் போட்டு, "தகப்பன் இல்லாத வீட்டுல நீயும் வரலைன்னா எம் பிள்ளைக்கு மடி ஏதுண்ணே?" என்று அழுதாள். கோமதிநாயகம் எப்போதோ இரவல் வாங்கிப்போன ஏணியை மூக்காண்டி திருப்பிக் கேட்டான். வியாழக்கிழமை அந்த ஆளே கூப்பிட்டுக் கதறினான்.

"அம்மா, நான் திருடன்மா! உங்க அண்ணன் நான் இல்லம்மா!"

உலகம்மாள் போனோடு பூதத்தானிடம் ஓடினாள். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"கோமதிநாயகம் பேருல யார் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது. இவன் 'நான் கோமதிநாயகம் இல்லை'ன்னு சொல்லுதான். நம்பலாமா?"

"நம்பக்கூடாது" என்றான் மூக்காண்டி.

"அப்ப இவன்தான் கோமதிநாயகம்."

வெள்ளிக்கிழமை அந்த நம்பர் அணைந்து கிடந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்லநேரம் போய்க்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே நின்ற கோமதிநாயகம் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தான்.

"நீரு யாரு?" என்றார் பூதத்தான்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தான். மைக்கில் தான் சொன்னது ஞாபகம் வந்தது. "யாரோ ஒருத்தன்" என்றான்.

"பேரு?"

"பேரெல்லாம் ஒண்ணும் சொல்லல."

பூதத்தானுக்குப் பரம சந்தோஷம். "பேரைச் சொல்லாத ஆளு! இவரை நம்பலாம். மணையில உக்காரும்!"

குழந்தை அவன் மடியில் ஏறி உட்கார்ந்தது. அவன் கொடுத்த கம்மலே காதில் ஏறியது. ஊசி பட்டதும், "மாமா! மாமா!" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது.

"பாருங்க, பச்சப்பிள்ளை மாமனைத் தேடுது" என்று உலகம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

கோமதிநாயகமும் குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்டான். "இப்படியும் ஒரு தாய்மாமன் இருப்பானா! வரட்டும் அந்தப் பய" என்றான்.

கறிச்சோற்றுப் பந்தி போட்டார்கள். தாய்மாமன் எப்படியும் சாப்பிடவாவது வருவான் என்று, கோமதிநாயகத்துக்குத் தலைவாழை இலை ஒன்று தனியாகப் போட்டிருந்தார்கள். அவன் பேரைச் சொல்லிக்கொண்டு வேறு எவனும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று கையில் கம்போடு அந்த இலைக்குக் காவல் நின்றான் கோமதிநாயகம். கடைசிப் பந்தி முடியும்வரை ஒருத்தனையும் உட்காரவிடவில்லை. பிறகு இலையை மடித்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, பசியோடு வீட்டுக்குப் போனான்.