மெட்டி போல ஒரு பூ

“மூணு கோடையாச்சு அம்மை. ஒரு பூவோட பேரைக்கூட நீங்க எனக்குச் சொல்லித் தரல.”

பொன்னுரங்கம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சொன்னார்.

தாயம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“பேர்தான் நீங்களே எழுதிக் கொண்டாந்திருக்கீங்களே, கண்டக்டரே.”

உண்மைதான். மூட்டையில் துணியைவிட நோட்டு அதிகம். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஏதோ ஒன்று அரிக்கத் தொடங்கியது. வீட்டில் உட்கார முடியவில்லை. மலையில் ஒருத்தி இருக்கிறாள், பூ தெரிந்தவள் என்று யாரோ சொன்னார்கள். ஏறி வந்துவிட்டார்.

அவளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அவளிடம் கற்றுக்கொள்ள அவருக்குக் கூச்சமில்லை. முழங்கால்தான் கவலை. இந்தக் கோடையைத் தாண்டி அது மலை ஏறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சோலைக்கு மேலே, மேட்டில் ஒரு புல்வெளி. கோடையில் அங்கே கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடக்கும் என்பார்கள். முதல் மழை விழுந்தால் வழி வழுக்கிவிடும். வழி தெரிந்தவள் தாயம்மை ஒருத்திதான். யாரையும் அவ்வளவு சுலபமாகக் கூட்டிப்போக மாட்டாள்.

“இந்த வருஷமாவது மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அம்மை.”

“உங்களுக்குத் தெரிஞ்ச பூ ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. மறுநாளே கிளம்பலாம்.”

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு பூவின் பேர் இருந்தது.

*

மறுநாள் காலையிலேயே அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். குட்டை மரம் ஒன்று, கிளையெல்லாம் நீலத்தை அப்பிக்கொண்டு நின்றது.

“காயாம்பூ.”

தாயம்மை அவர் தோளைப் பிடித்து, மரத்துக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினாள்.

“இதழ் எத்தனை?”

“நாலு. நோட்டுல இருக்கு.”

“பூ கிளை நுனியில இருக்கா, கிளையை ஒட்டி இருக்கா?”

பொன்னுரங்கம் மெதுவாகக் கழுத்தைத் திருப்பப் பார்த்தார்.

“திரும்பக் கூடாது.”

“தெரியல, அம்மை.”

“பேர் தெரியுது. பூ தெரியல.”

சொல்லிவிட்டு, சுள்ளி பொறுக்கப் போய்விட்டாள்.

*

அடுத்த நாலு நாள் பொன்னுரங்கம் ஒரு வெட்சிச் செடியை விடவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தார். இலையை எண்ணினார். காம்பு எத்தனை, மொட்டு எத்தனை, உதிர்ந்தது எத்தனை, எல்லாம் எழுதினார். ஐந்தாம் நாள், தானே செடிக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார்.

“கேளுங்க, அம்மை.”

“இத்தனை நாள்ல இதைப் பார்க்க யாரு வந்தாங்க?”

“யாரும் வரல. நான்தான் தனியா உட்கார்ந்திருந்தேன்.”

அவர் தொப்பியில் அதுவரை உட்கார்ந்திருந்த வண்ணத்துப்பூச்சி எழுந்து, சாவகாசமாக வெட்சிக்குப் போனது.

தாயம்மை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“கண்டக்டரே, இருபத்தாறு வருஷம் ஸ்டாப் பேரைக் கத்துனீங்களே. அதுல எந்த ஊர்லயாவது இறங்கியிருக்கீங்களா?”

“இறங்கினா பஸ் போயிடும், அம்மை.”

“அதுவும் சரிதான்.”

அவள் போன பிறகும் பொன்னுரங்கம் அங்கேயே நின்றார். பெரியகுட்டை, வேப்பங்காடு, ஆத்துமேடு, மணல்பட்டி. ஒவ்வொன்றாக உதட்டுக்கு வந்தது. ஒன்றுக்கும் முகம் இல்லை.

*

மேகம் திரள ஆரம்பித்தது. காற்றில் ஈரம் ஏறியது.

பொன்னுரங்கம் தேடுவதை விட்டுவிட்டார். வீம்பு இல்லை. முழங்கால் வீங்கிவிட்டது, அவ்வளவுதான். குடிசையிலிருந்து மேட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் ஒரு கல்லாகப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார். நோட்டைப் பிருஷ்டத்துக்கு அடியில் போட்டுக்கொண்டார். கல் சூடாக இருந்தது.

முதல் நாள் ஒன்றும் இல்லை. பாதை, சரளை, எறும்பு.

இரண்டாம் நாள், எறும்பு ஒன்று சரளைக்கு நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சுற்றி வளைத்துப் போவதைப் பார்த்தார். ஏன் நேராகப் போகாமல் அப்படிப் போகிறது என்று குனிந்தார். தெரியவில்லை. இன்னும் குனிந்தார். கடைசியில் அறுபது வயதைத் தாண்டிய மனுஷன், பாதையில் குப்புறப் படுத்தார்.

கடுகளவு ஒரு வெள்ளைப் பூ. நடுவில் ஒரு துளி மஞ்சள்.

அன்று சாயங்காலம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கு மறுநாளும். சட்டையெல்லாம் மண். முகத்தில் அப்படி ஒரு குஷி. கஞ்சி ஆறிப்போகிறது என்று தாயம்மை குரல் கொடுத்தாள். அவர் காதில் விழவில்லை.

*

நாலாம் நாள் மத்தியானம், மலைமுகடு கறுத்தது. தாயம்மை பாதையில் இறங்கி வந்தாள். செருப்புப் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

“ராத்திரி மழை விழுந்துடும், கண்டக்டரே. காட்ட ஏதாச்சும் இருக்கா, இல்ல மூட்டை கட்டலாமா?”

பொன்னுரங்கம் கல்லில் உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மை, அசையாதீங்க.”

“பாம்பா?”

“இல்ல. வலது காலைப் பாருங்க.”

பார்த்தாள். பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில், மெட்டி போட்டதுபோல் அது நின்றுகொண்டிருந்தது. ஒரு நூல் தள்ளி மிதித்திருந்தால் போயிருக்கும்.

தாயம்மை காலை அலுங்காமல் எடுத்தாள். அப்படியே குந்தினாள். பிறகு அவரைப்போலவே குப்புறப் படுத்தாள்.

பொன்னுரங்கமும் இறங்கிப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

“நீங்க எத்தனை வருஷமா இந்த வழியா நடக்குறீங்க, அம்மை?”

“நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து.”

“இது தெரியலையா?”

“தெரியல.”

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

“எப்ப விரியுது?”

“இந்தக் கல்லோட நிழல் விலகுனதும். நிழல் திரும்பி வந்தா மூடிக்குது. மேகம் வந்தாலும் மூடணும். பாருங்க, இப்ப மூடுது.”

ரெண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு, அது மூடுவதைப் பார்த்தார்கள்.

“யாரு வர்றாங்க?”

“ஒரு குட்டி ஈ. பத்து மணி வாக்குல. எறும்பு கிட்டவே வராது, சுத்திப் போயிடும். ஏன்னு இன்னும் தெரியல.”

“பேர்?”

பொன்னுரங்கம் திகைத்துப்போனார். நோட்டு கல்லின்மேல் கிடந்தது. இத்தனை நாளும் அதன் ஞாபகமே வரவில்லை.

“கேக்க மறந்துட்டேன், அம்மை.”

தாயம்மை எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. மேட்டுக்குப் போகிற பாதையை ஒருமுறை பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள்.

“இப்பவே கிளம்பினா மழைக்கு முன்னாடி மேட்டைத் தொட்டுடலாம். முழங்கால் தாங்குமா?”

“தாங்கும்.”

பொன்னுரங்கம் வழக்கம்போல ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டு நின்றார்.

அவளும் ஒதுங்கி நின்றாள்.

“நீங்க முன்னால நடங்க.”