ஆயிரம் டாலர் கார்

சிட்னித் தமிழர் சிலர் ஆண்டுதோறும் பழைய கார்களில் பாலைவனத்தைக் கடப்பார்கள். ஆயிரம் டாலருக்கு மேல் பெறுமதியான காருக்கு அனுமதியில்லை. கடைசி ஊரில் கார்களை ஏலம் விட்டு, பணத்தை அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்கள்.

சங்கத் தலைவர் கனகநாயகத்தின் காருக்கு வெளியே துரு. உள்ளே புது எஞ்சின், தோல் இருக்கை, ஏசி. அதை ஏலத்தில் அவரே ஆயிரம் டாலருக்குக் கேட்பார். தலைவருக்கு மேலே கேட்பது மரியாதையில்லை என்று மற்றவர்கள் பேசாமல் நிற்பார்கள். தர்மமும் நடக்கும், காரும் வீடு திரும்பும்.

இம்முறை ஏலம் விடும் பொறுப்பு சமையல்காரன் சிவபாலனுக்கு வந்தது.

"தம்பி, இங்கத்தை நர்சுக்கு நோயாளியளைப் பார்க்கப் போக வண்டியில்லை. ஏலத்தில ஒரு நல்ல கார் வாங்கக் காசு சேரவேணும். சேராட்டி அடுத்த வருஷம் வேற ஆளைப் பாக்கிறன்," என்றார் தலைவர். "என்ர கார் மட்டும் ஆயிரத்தைத் தாண்டப்படாது."

"தாண்டாது ஐயா."

மேடையில் தலைவர், அந்த ஓட்டைக் கார் வழியெல்லாம் தன்னை வதைத்ததை உருக்கமாகச் சொன்னார். சிவபாலன் மைக்கை வாங்கினான்.

"ஐயாவுக்கு மேல கேக்க எங்களுக்கு மனம் வராது. அதால முதல்ல நர்ஸ் ரூத் கேக்கட்டும்."

ரூத் ஆயிரம் என்றாள். ஆஸ்பத்திரிப் பணம் ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடும்.

"இந்தக் கார் ஆயிரத்துக்கு மேல பெறும் எண்டு நினைக்கிற ஆர் எண்டாலும் கேக்கலாம்," என்று சிவபாலன் தலைவரைப் பார்த்தான்.

தலைவரின் கை பாதி உயர்ந்தது. கூட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. அவர் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.