உமி நாற்காலி

பிளாஸ்டிக்கில் உமித்தூளை அளவோடு கலந்தால் நாற்காலி நன்றாகவே நிற்கும். கம்பெனி முதலாளி வரதப்பனுக்குத்தான் அளவு கிடையாது. அள்ளி அள்ளிக் கொட்டச் சொன்னார். ஒருநாள் நாற்காலி உடைந்து, கூட்டிப் பெருக்கும் தனக்கொடிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரிக்க அதிகாரி வருவதற்குள் மெஷின் ஓட்டும் செபஸ்தியை முதலாளி மிரட்டினார். “நாற்காலியில குறை இல்லைன்னு நீதான் சொல்லணும். மாத்திச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

செபஸ்தி அதிகாரியிடம் அப்படியே சொன்னான். “ஒரு குறையும் இல்லைங்க சார்.”

பிறகு அதே கலவையில் வார்த்த நாற்காலி ஒன்றைத் துண்டால் துடைத்து, முதலாளியின் பின்னால் போட்டான்.

“ரொம்ப நேரமா நிக்கிறீங்க முதலாளி. உட்காருங்க.”

அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் தனக்கொடி இன்னும் எழுந்து உட்காரவில்லை.